அட்டையில் நாயா, வழக்கில் நாயா? ஆண்டி கார்பென்டர் வரிசைக்குள் நுழைய எந்தக் கதவு

டேவிட் ரோசன்ஃபெல்ட் எழுதும் ஆண்டி கார்பென்டர் நாவல்கள் 30ஐத் தாண்டிவிட்டன. 2002இல் தொடங்கிய வரிசை. இப்போது ஆண்டுக்கு இரண்டு வருகின்றன: கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸை முன்னிட்டு ஒன்று. புதிதாக வருபவர் நூலகத் தட்டின் முன்னால் நின்றால் திகைத்துப் போவார். ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் ஒரு நாய் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான தலைப்புகளிலும் நாயை வைத்து ஒரு சொல் விளையாட்டு. எது முதலில், எது அப்புறம், எதை விட்டுவிடலாம் என்பதற்கு அட்டை எந்தக் குறிப்பும் தராது.

என்னைக் கேட்டால் இதற்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. நாய் அட்டையில் மட்டும் இருக்கிறதா, வழக்கின் உள்ளேயும் இருக்கிறதா? அந்த நாயைக் கதையிலிருந்து உருவிவிட்டால் வழக்கு சரிந்து விழுமா, அல்லது ஒன்றும் ஆகாமல் அப்படியே நிற்குமா? இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் 30 புத்தகங்கள் மளமளவென்று குறைந்து, கைக்கு அடக்கமாக நாலைந்து மிஞ்சும்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ஆண்டி கார்பென்டர் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரத்தில் குற்றவியல் வழக்கறிஞர். எதிர்த்தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடுபவர். வாய்த்துடுக்கு உண்டு, உடல் துணிச்சல் கிடையாது. சண்டை என்று வந்தால் அதிகம் பேசாத, யாரும் எதிர்த்து நிற்க விரும்பாத மார்க்கஸ் என்ற துப்பறிவாளரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். முதல் நாவலிலேயே தந்தை இறந்து, அவர் விட்டுச்சென்ற 2 கோடியே 20 லட்சம் டாலர் ஆண்டிக்கு வந்து சேர்கிறது. அதன் பிறகு அவருக்கு வேலை செய்யவே பிடிப்பதில்லை. வழக்கு வேண்டாம் என்று தட்டிக் கழிப்பதும், கடைசியில் யாராவது ஒரு நாயைக் காட்டி அவரை வழக்குக்குள் இழுப்பதும் வரிசையின் நிரந்தர நகைச்சுவை. உலகத்திலேயே மிகச் சிறந்த உயிர் தன் வீட்டில் இருக்கும் தாரா என்ற கோல்டன் ரெட்ரீவர்தான் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. தமிழ் வாசகருக்கு ஒரு வரியில் சொல்வதானால், சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் ஒரே ஆளுக்குள் அடைத்து, அந்த ஆளுக்கு நாய்ப் பித்தையும் ஏற்றினால் ஆண்டி.

கதை முழுவதையும் அவரே தன்மையில், நிகழ்காலத்தில் சொல்கிறார். அத்தியாயங்கள் சில பக்கங்களில் முடிந்துவிடும். பெரும்பகுதி உரையாடல். ஆங்கிலத்தில் நாவல் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிடத் தோதான நடை அரிது. ரோசன்ஃபெல்ட் வழக்கறிஞர் அல்லர். ட்ரைஸ்டார் பிக்சர்ஸ் திரைப்பட நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்தவர். அது நடையில் தெரிகிறது. சட்ட நுணுக்கத்தில் ஆழமாக இறங்கமாட்டார், ஆனால் எந்த வாக்கியத்தில் காட்சியை வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இனி கதவுகளைப் பார்க்கலாம்.

ஒழுங்காக முதலிலிருந்து

'ஓபன் அண்ட் ஷட்' 2002இல் வந்தது. துப்பறியும் எழுத்துக்குத் தரப்படும் எட்கர் விருதில், அமெரிக்க எழுத்தாளரின் சிறந்த முதல் நாவலுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருக்கும் வில்லி மில்லருக்கு மறுவிசாரணை கிடைக்கிறது, ஆண்டி வாதாடுகிறார். அரசுத் தரப்பில் அந்த வழக்கை முதலில் நடத்தியவர் ஆண்டியின் சொந்தத் தந்தை, மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த நெல்சன் கார்பென்டர். தந்தை இறந்த பிறகு கிடைக்கும் ஒரு பழைய புகைப்படமும், கணக்கில் வராத பெரும் பணமும் மகனை வேறொரு திசைக்கு இழுக்கின்றன. தந்தையின் மேல் வைத்திருந்த மதிப்பைச் சோதிக்க வேண்டிய கட்டாயம் மகனுக்கு. இந்தக் கனம் பின்னால் வந்த எந்த நாவலிலும் இல்லை. எழுத்தின் தரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் முதல் புத்தகமே வென்றுவிடும்.

காலமும் இதில் கலந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1963இல். ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்தத் தண்டனை 2007 டிசம்பர் வரை இருந்தது. ஆகவே 2002இல் வில்லி மில்லரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி சட்டப்படி உண்மையானது. அதே வழக்கை ரோசன்ஃபெல்ட் இன்று பேட்டர்சனில் வைத்து எழுத முடியாது. பின்னாளைய நாவல்களில் ஆயுள் தண்டனைதான் உச்சம். ஜூரி தீர்ப்புச் சொல்ல எழுந்து நிற்கும் கணத்தில் பழைய பதற்றம் கொஞ்சம் குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, நம் அளவுகோல்? தாரா இருக்கிறாள். ஆண்டி அவளோடு நடக்கப் போகிறார், அவளிடம் பேசுகிறார், குழப்பம் தீர்க்கிறார். ஆனால் வழக்கில் அவளுக்கு வேலை இல்லை. அடுத்து வந்த 'ஃபர்ஸ்ட் டிகிரி', 'பெரி த லீட்', 'சடன் டெத்', 'டெட் சென்டர்' நான்கின் தலைப்பிலும் நாய் இல்லை. மையத்தில் இருப்பவர்கள் மனிதர்களே. 'பெரி த லீட்' ஒரு செய்தியாளரையும் தொடர்கொலைகளையும் பற்றியது. 'சடன் டெத்' ஒரு கால்பந்து வீரர் மீதான கொலை வழக்கு, அதாவது அமெரிக்கர்கள் கையால் எறிந்துகொண்டு கால்பந்து என்று அழைக்கும் அந்த ஆட்டம். 'டெட் சென்டர்' விஸ்கான்சினுக்குப் போய் ஒரு மூடுண்ட மதக் குழுவோடு மோதுகிறது. எல்லாம் நல்ல சட்டத் துப்பறியும் கதைகள்தாம். நாய்க்காக வந்தவர் மட்டும் ஐந்து புத்தகங்கள் பொறுத்திருக்க வேண்டும். யாருக்கு அத்தனை பொறுமை?

வரிசை முறையை விடாதவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், பாத்திரங்களின் வாழ்க்கை வளர்ந்துகொண்டே போகிறது என்பது. அதில் பாதி உண்மை. ஆண்டிக்கும் முன்னாள் காவல் அதிகாரியான லாரி காலின்ஸுக்கும் இடையிலான உறவு முதல் ஐந்து நாவல்களில்தான் திருப்பங்களோடு நகர்கிறது. ஆனால் மற்றவர்கள்? செயலாளர் எட்னா முதல் நாவலிலும் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார், பத்தாவதிலும் அதையேதான் செய்கிறார். உதவி வழக்கறிஞர் கெவினுக்கு எப்போதும் ஏதோ ஒரு நோய் வந்துகொண்டே இருக்கிறது. அவர் துணி வெளுக்கும் கடையும் நடத்திக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குச் சட்ட ஆலோசனையும் தருபவர். காவல்துறை நண்பர் பீட்டும் பத்திரிகை ஆசிரியர் வின்ஸும் சார்லிஸ் என்ற மதுக்கூடத்தில் உட்கார்ந்து ஆண்டியின் கணக்கில் குடிக்கிறார்கள், ஆண்டு தவறாமல். எந்தப் புத்தகத்தில் நுழைந்தாலும் இரண்டு பக்கத்தில் இவர்களைப் புரிந்துகொள்ளலாம். ஆசிரியரே ஒவ்வொரு முறையும் எல்லாரையும் புதிதாக அறிமுகப்படுத்துகிறார். வரிசையாகப் படிப்பவர்களுக்கு அது சலிப்பு, நடுவில் நுழைபவர்களுக்கு வசதி.

ஆறாவது புத்தகத்திலிருந்து

நான் கைகாட்டும் கதவு இதுதான். 2007இல் வந்த 'ப்ளே டெட்'.

நகராட்சிக் காப்பகத்தில் ஒரு கோல்டன் ரெட்ரீவர். பெயர் யோகி. மனிதரைக் கடித்த குற்றத்துக்காகக் கொல்லப்படவிருக்கிறது. ஆண்டி நீதிமன்றத்துக்குப் போகிறார், கட்சிக்காரர் நாய். தொலைக்காட்சிகள் மொய்க்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெண் வந்து, இது யோகி அல்ல, என் அண்ணன் வளர்த்த ரெஜி என்கிறார். அண்ணன் தன் வருங்கால மனைவியைப் படகில் வைத்துக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளாகச் சிறையில் இருப்பவர். அந்த நாயும் அன்றிரவு அதே படகில் இருந்தது, கடலில் மூழ்கிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். மூழ்கியதாகச் சொல்லப்பட்ட நாய் உயிரோடு வாலாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், அன்றிரவு நடந்ததாக அரசுத் தரப்பு சொன்ன கதை என்னவாகும்?

இதைப் போல ஒரு முடிச்சு எழுத்தாளனுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தால் பெரிது. நாயை உருவினால் இங்கே நாவலே இல்லை. அது குட்டிப் பாசத்துக்கான அலங்காரம் அல்ல, சாட்சியமே அதுதான். ஆண்டி தீர்க்க வேண்டிய முதல் சட்டச் சிக்கலும் அபாரமானது: இந்த நாய்தான் அந்த நாய் என்று நீதிபதியை எப்படி நம்ப வைப்பது? நாய் சத்தியப் பிரமாணம் எடுக்காது. அதற்கான நீதிமன்றக் காட்சியை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சிரிப்பும் தொண்டை அடைப்பும் ஒன்றாக வரும் என்பது வரை சொல்லலாம்.

இந்த இடத்தில் நியூ ஜெர்சியின் உண்மையான சட்ட வரலாறு கதையைவிடச் சுவையாக இருக்கிறது. தீர்ப்புக்குப் பின் கிடைத்த புதிய சாட்சியத்தை வைத்து மறுவிசாரணை கேட்க அந்த மாநிலத்தில் மூன்று நிபந்தனைகள் உண்டு. சாட்சியம் வழக்கின் மையத்தைத் தொட வேண்டும், ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்வதாக இருக்கக் கூடாது. முதல் விசாரணைக்கு முன் நியாயமான முயற்சி எடுத்திருந்தாலும் கிடைத்திருக்க முடியாததாக இருக்க வேண்டும். ஜூரியின் முடிவை அது பெரும்பாலும் மாற்றிவிடும் என்று தோன்ற வேண்டும். இந்த மூன்றையும் மாநில உச்ச நீதிமன்றம் 1981இல் ஒரு தீர்ப்பில் தொகுத்துச் சொன்னது. யாருடைய வழக்கில்? ரூபின் கார்ட்டரின் வழக்கில். 'ஹரிகேன்' என்று குத்துச்சண்டை உலகம் அழைத்த அதே கார்ட்டர். 1966இல் பேட்டர்சனின் ஒரு மதுக்கூடத்தில் நடந்த கொலைகளுக்காக 1967இலும், மறுவிசாரணைக்குப் பின் 1976இலும் தண்டிக்கப்பட்டவர். 1985இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தத் தண்டனையை ரத்துசெய்தார்.

ஆக, ஆண்டியின் ஊரில் பிறந்த ஒரு வழக்கின் அளவுகோலில்தான் ரெஜி என்ற நாயும் நிறுக்கப்பட வேண்டியிருக்கிறது. மூன்று நிபந்தனைகளையும் வைத்துப் பாருங்கள். மையத்தைத் தொடுகிறதா? தொடுகிறது. முன்பே கிடைத்திருக்குமா? செத்ததாக நம்பிய நாயை யார் தேடுவார்கள்? முடிவை மாற்றுமா? அதற்குத்தான் மீதி நாவல். ரோசன்ஃபெல்ட் பிறந்து வளர்ந்ததே பேட்டர்சனில்தான். நகரத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. பட்டு நெசவு ஆலைகளால் பெரிதாகி, அந்தத் தொழில் போன பிறகு தளர்ந்த ஊர். 77 அடி அருவி ஒன்று நகருக்குள்ளேயே விழுகிறது. மறுவிசாரணை என்ற சொல் அங்கே பாடப்புத்தகச் சொல் அல்ல, ஊர்ப் பேச்சு.

நாய்க்கு மரண தண்டனை என்பதும் மிகைக் கற்பனை அல்ல. நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் டாரோ என்ற அகிடா நாய், உரிமையாளரின் உறவுக்காரச் சிறுமியைக் காயப்படுத்தியது என்று கொல்ல உத்தரவிடப்பட்டு, மேல்முறையீடுகள் நடந்த ஆண்டுகள் முழுவதும் காவலில் இருந்தது. 1994 ஜனவரியில், பதவியேற்ற கையோடு, ஆளுநர் கிறிஸ்டின் டாட் விட்மன் அதன் உயிரைக் காப்பாற்றினார். நிபந்தனை: நாய் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு நாயை நாடுகடத்திய பெருமையும் நியூ ஜெர்சிக்கு உண்டு. இதை ரோசன்ஃபெல்ட் கற்பனையாக எழுதியிருந்தால் கொஞ்சம் அதிகம் என்று சொல்லியிருப்போம்.

ஆறாவதிலிருந்து தொடங்கினால் இழப்பு என்ன? ஒன்று, வில்லி மில்லர் இங்கே ஆண்டியின் நண்பராக, மனைவி சோண்ட்ராவோடு சேர்ந்து நாய் மீட்பு அமைப்பை நடத்திக்கொண்டிருப்பார். முதல் நாவலின் தீர்ப்பு அதனால் தெரிந்துபோகும். உண்மையைச் சொன்னால், நகைச்சுவை வரிசை ஒன்றின் முதல் நாவலில் கதாநாயகன் தோற்பான் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? அந்த நாவலின் உயிர் தீர்ப்பில் இல்லை, புகைப்படத்தில் இருக்கிறது. அதை ஆறாவது புத்தகம் காட்டிக்கொடுப்பதில்லை. இரண்டு, லாரி ஏன் விஸ்கான்சினில் இருக்கிறார் என்பது சற்றுப் புரியாமல் இருக்கும். ஒரு பக்கத்தில் விளங்கிவிடும்.

நாய் வழக்கில் இருக்கும் மற்றவை

ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ரோசன்ஃபெல்ட் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது என் கணிப்பு. நாய் சாட்சியமாக முடியுமா என்பது 'ப்ளே டெட்'. நாய் சொத்தா, குழந்தையா என்பது 2009இல் வந்த 'நியூ ட்ரிக்ஸ்'. கொலையான பணக்காரர் ஒருவரின் பெர்னீஸ் மலைநாய்க் குட்டி வாகியை யார் வைத்துக்கொள்வது என்று விதவையும் மகனும் மோதுகிறார்கள். குட்டியின் காப்பாளராக ஆண்டியை நீதிமன்றம் நியமிக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் நாய் அசையும் சொத்து, நாற்காலி போல. ஆனால் அதே 2009இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்மையான வழக்கு ஒன்று வந்தது. பிரிந்துபோன இருவர், நடுவில் ஒரு பக் நாய். கீழ் நீதிமன்றம் நாய்க்கு 1,500 டாலர் விலை போட்டு, பணத்தை வாங்கிக்கொள் என்றது. மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வளர்ப்புப் பிராணிக்கு உரிமையாளரின் மனத்தில் தனி மதிப்பு உண்டு, ஆகவே நாயையே ஒப்படைக்கும்படி கேட்க இடம் உண்டு என்றது. நாவலும் தீர்ப்பும் ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தில். நாவலில் வாகி எல்லாரையும் நக்கிக்கொண்டும் மேசைகளைக் கவிழ்த்துக்கொண்டும் இருக்கிறது. சிரிப்பு இந்த மூன்றில் அதிகம் இங்கேதான். மர்மம்தான் இறுதியில் கொஞ்சம் அளவுக்கு மீறி வீங்கிப் போகிறது.

2010இன் 'டாக் டேக்ஸ்' மூன்றாவது. இராக்கில் காலை இழந்து திரும்பிய முன்னாள் காவலர், தன் பழைய காவல் நாய் மைலோவை வழிப்பறிக்குப் பழக்கியிருக்கிறார். ஒரு கொலை நடந்த இடத்தில் மைலோ கவ்விக்கொண்டு ஓடிய உறை எங்கே என்பது மைலோவுக்கு மட்டுமே தெரியும். நாய் சொல்லாது, எல்லாருக்கும் நாய் வேண்டும். பாரமான விஷயமும் கேலியும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு இது 'ப்ளே டெட்'டுக்கு அடுத்த இடம்.

2011இன் 'ஒன் டாக் நைட்' தனி வகை. தீவைத்துப் பலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படும் மனிதர், ஒரு காலத்தில் தாராவை வளர்த்தவர் என்று ஆண்டி அறிகிறார். அவளைக் கைவிட நேர்ந்தபோது நல்ல இடம் போய்ச் சேர வேண்டும் என்று கவலைப்பட்டவர். அதனாலேயே ஆண்டியால் வழக்கைத் தட்ட முடியவில்லை. பலர் இதை முதலில் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. தாராவை நாலு புத்தகமாவது நாம் நேசித்திருந்தால்தான் அந்தக் கடன் எவ்வளவு பெரியது என்று உறைக்கும். முதலில் படிப்பவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே.

2017இன் 'காலர்ட்' பின்னாளையவற்றில் நன்று. ஒரு குழந்தையோடு சேர்த்துக் கடத்தப்பட்ட நாய் சில ஆண்டுகள் கழித்து மீட்பு அமைப்பின் வாசலில் கட்டப்பட்டிருக்கிறது, உடலில் இருக்கும் சிப் அதைக் காட்டிக்கொடுக்கிறது. 'ப்ளே டெட்'டின் தம்பி என்று சொல்லலாம். அண்ணனைப் படித்தவருக்குத் தம்பியின் முகச்சாயல் உடனே தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்றால் 2012இன் 'லீடர் ஆஃப் த பேக்'. தலைப்பு நாயைச் சொல்கிறது. உள்ளே தாரா ஒரு முதியவருக்கு ஆறுதல் தரும் துணையாக ஆண்டியோடு போய்வருகிறாள், அந்தச் சந்திப்பு துப்பைக் கிளப்புகிறது. அதற்கு மேல் அது நிழல் உலகக் குடும்பக் கதை. 2013க்குப் பின் வந்தவற்றில் கணிசமானவை இப்படித்தான். நாய் ஆண்டியை வழக்குக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு கூலிப்படை, பணமோசடி, இடையிடையே வில்லன்களின் கண்ணில் சொல்லப்படும் அத்தியாயங்கள். பயணத்தில் படிக்க நன்றாக இருக்கும். மறுவாரம் எது எந்தக் கதை என்று குழம்பும்.

கிறிஸ்துமஸ் கதவு, காவல் நாய்க் கதவு

2016இல் 'த ட்வெல்வ் டாக்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' தொடங்கி ஆண்டு இறுதிப் புத்தகங்கள் தனி ஓட்டம். கிறிஸ்துமஸை மாதக்கணக்கில் நீட்டிக் கொண்டாடும் லாரியும், அதைக் கண்டு புலம்பும் ஆண்டியும் இவற்றின் உப்பு. பரிசளிக்க ஏற்றவை. இரண்டை மட்டும் நான் எடுத்துவைப்பேன். ஒன்று 2018இன் 'டெக் த ஹவுண்ட்ஸ்': வீடற்ற மனிதரைத் தாக்கியவனை அவருடைய நாய் கடிக்கிறது, நாயைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஆண்டி இருவருக்கும் இடம் கொடுக்கிறார். இன்னொன்று 2019இன் 'டாக்ஸ்ஹுண்ட் த்ரூ த ஸ்னோ'. இதில் ஓய்வு பெறப்போகும் காவலர் கோரி டக்ளஸ், தன் ஜெர்மன் ஷெப்பர்ட் சைமனும் தன்னோடு ஓய்வு பெற வேண்டும் என்கிறார். துறை மறுக்கிறது. சைமன் தரப்பில் ஆண்டி. பணி ஓய்வு கேட்டு நீதிமன்றம் போகும் காவல் நாய்! இந்தக் கிளைக்கதை முதன்மைக் கதையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

அந்தக் கோரியும் சைமனும் லாரி, மார்க்கஸோடு சேர்ந்து 2020இல் 'த கே டீம்' என்ற கிளை வரிசையைத் தொடங்கினார்கள். அதில் துப்பறிதல் உண்டு, நீதிமன்றம் குறைவு, ஆண்டியின் குரல் இல்லை. ஆண்டியின் குரல் இல்லாமல் எதற்கு இந்த உலகத்துக்குள் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. தவிர்க்கலாம்.

வேறு வீட்டுக் கதவுகள்

இந்த வரிசையே உங்களுக்கு வேண்டியதுதானா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. நாய், சட்டம், சிரிப்பு மூன்றையும் ஒன்றாகக் கேட்பவர்களுக்கே ஆண்டி. ஒன்றிரண்டில் மட்டும் ஆசை உள்ளவர்களுக்கு அவரைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

சிரிப்பும் சட்டமும் போதும் என்றால் தயங்காமல் ரம்போலிடம் போங்கள். எழுதிய ஜான் மார்ட்டிமர் லண்டனில் உண்மையாகவே வழக்காடியவர், ராணியின் வழக்கறிஞர் என்ற தகுதி பெற்றவர். 1975இல் தொலைக்காட்சி நாடகமாகத் தோன்றிய ஹொரேஸ் ரம்போல், 1978இல் தொடராகவும் புத்தகமாகவும் வளர்ந்தார். மலிவான சிவப்பு ஒயின், சுருட்டுச் சாம்பல் கொட்டிய அங்கி, வேர்ட்ஸ்வொர்த் கவிதை, வீட்டில் அவர் கண்டு நடுங்கும் மனைவி ஹில்டா. குற்றத்தை ஒப்புக்கொள் என்று கட்சிக்காரரிடம் சொல்லவே மாட்டேன் என்பது கொள்கை. கதைகள் சிறியவை, ஓர் இரவுக்கு ஒன்று முடியும். நையாண்டி நீதிபதிகளையும் சக வழக்கறிஞர்களையும் குத்திக் கிழிக்கும். ஆண்டி அந்த உயரத்தை எட்டுவதில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் அவ்வளவு எளிதல்ல, பிரிட்டிஷ் நீதிமன்றப் பழக்கங்களும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கின் முடிச்சில் நாய் இருந்தால் போதும், நாய்ப் பாசம் தேவையில்லை என்பவர்களுக்கு எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் 1934இலேயே ஒன்று எழுதிவிட்டார்: பெரி மேசன் துப்பறியும் 'த கேஸ் ஆஃப் த ஹௌலிங் டாக்'. பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுகிறது, அதற்காக ஒருவரைக் கைதுசெய்ய முடியுமா என்று கேட்டு வருகிறார் ஒரு கட்சிக்காரர். நாய் உண்மையில் ஊளையிட்டதா இல்லையா என்பதே கதையின் அச்சாணி. கார்ட்னரும் கலிபோர்னியாவில் வழக்காடியவர். குறுக்கு விசாரணை அத்தனை கூர்மை. சிரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். நாய் நேசர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கதையில் நாய் பிழைப்பதில்லை.

நாயும் சிரிப்பும் மட்டும் வேண்டும், நீதிமன்றம் அலுப்பு என்றால் ஸ்பென்சர் க்வின் 2009இல் தொடங்கிய செட், பெர்னி வரிசை. துப்பறிவாளர் பெர்னியின் நாய் செட் தானே கதையைச் சொல்கிறது. பாதித் துப்பை முகர்ந்து கண்டுபிடித்து, மீதியை ஒரு தின்பண்டத்தைக் கண்டதும் மறந்துவிடுகிறது. முதல் நூறு பக்கம் அருமை. அதன் பிறகு ஒரே வித்தை என்பது என் அபிப்பிராயம், ஆனால் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஏராளம்.

ஆண்டியை இவர்களிடமிருந்து பிரிப்பது இன்னொன்று. நாயைப் பற்றிய அவருடைய அறிவு இரவல் அல்ல. ரோசன்ஃபெல்டும் அவர் மனைவியும் தாரா அறக்கட்டளை என்ற பெயரில் 4,000க்கும் மேற்பட்ட நாய்களை மீட்டவர்கள். வயதான, யாரும் எடுத்துச்செல்லாத நாய்கள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடும். கலிபோர்னியாவிலிருந்து மெய்னுக்குக் குடிபெயர்ந்தபோது மூன்று பெரிய வண்டிகளில் 25 நாய்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் குறுக்கே போனார்கள். அதை அவர் 2013இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். அறக்கட்டளைக்குப் பெயர் தந்த நிஜத் தாரா இன்று இல்லை. நாவலின் தாரா 2002இலிருந்து வயதாகாமல் அதே நடைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கோல்டன் ரெட்ரீவரின் ஆயுள் 10, 12 ஆண்டுகள் என்பது தெரிந்த வாசகர்கள் யாரும் இதைப் பற்றிப் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. நாயை வைத்து அழ வைக்கும் புத்தகங்களுக்கு அஞ்சுபவர்கள் இங்கே நிம்மதியாக வரலாம்.

காதா, கண்ணா?

ஒலிப்புத்தகமாகக் கேட்பதா, அச்சில் படிப்பதா என்பதில் எனக்கு இரட்டை மனம் இல்லை. க்ரோவர் கார்ட்னர் வாசிக்கும் ஒலி வடிவம் இந்த வரிசைக்கு அச்சைவிடப் பொருத்தம். ஆண்டியின் கேலி பெரும்பாலும் சாதாரண வாக்கியத்தின் வாலில் ஒளிந்திருக்கும். வேகமாகப் படிக்கும் கண் அதைத் தாண்டிவிடும், அவருடைய வறண்ட குரல் தாண்டவிடாது. நீதிமன்ற உரையாடலில் யார் பேசுகிறார்கள் என்று தடுமாறவும் வேண்டாம். ஒரே விதிவிலக்கு 'ஓபன் அண்ட் ஷட்'. தந்தையின் புகைப்படத்தைச் சுற்றிய பகுதிகளில் பக்கத்தைத் திருப்பிப் பழைய இடத்தை மறுபடி பார்க்கத் தோன்றும், அதற்கு அச்சே வசதி.

ஆக, என் வரிசை: 'ப்ளே டெட்'டைக் கேளுங்கள். பிடித்திருந்தால் பின்னால் போய் 'ஓபன் அண்ட் ஷட்'டைப் படியுங்கள். பிறகு 'டாக் டேக்ஸ்', 'நியூ ட்ரிக்ஸ்', அதற்கப்புறம் 'ஒன் டாக் நைட்'. டிசம்பரில் கை துறுதுறுத்தால் சைமனின் பணி ஓய்வு வழக்கு இருக்கிறது. 'ப்ளே டெட்'டின் முதல் 50 பக்கங்களில், யோகிக்காக ஆண்டி நீதிபதி முன் எழுந்து நிற்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் மீதி 30ஐப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ரம்போலை எடுத்துக்கொள்ளுங்கள்.